கத்தி வைக்கும் வயதா?

“உந்த வயதிலை கத்தி வைக்கிறதோ, தம்பி? எண்ணெய் போட்டுக் கட்டினாற் காணும்.”

வைத்தியசாலை விறாந்தையில் எமது குடும்பத்து முதியவர் ஒருவர் இவ்வாறு கூறியபோது, அங்கு கூடியிருந்தவர்களுள் ஒருவரேனும் மறுத்துரைக்கவில்லை. நாமும் மறுத்துரைக்கவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ளுகின்றோம். எமது மாமி, தந்தையாரின் தமக்கையார், 81 வயதினர். கார்த்திகை மழையிற் பாசி பிடித்திருந்த கிணற்றடியில் வழுக்கி விழுந்து, இடுப்போடு பொருந்தும் இடத்திலே தொடையெலும்பை முறித்துக்கொண்டார். படம் பிடித்துப் பார்த்த சத்திர வைத்தியர் மறுநாளே சத்திரசிகிச்சை செய்தல் நன்று என்றார். நாம் யோசித்துச் சொல்வதாகக் கூறினோம். யோசனை நான்கு நாள் நீண்டது. ஒருவர் பஞ்சாங்கம் பார்த்தார். ஒருவர் கனடாவிலிருக்கும் மகனின் சொல்லுக்குக் காத்திருந்தார். வேறொருவர் தம் ஊரில் யாரோ ஒருவர் சத்திரசிகிச்சை மேசையிலேயே இறந்த கதையைச் சொன்னார். பணம் தடையாக இருக்கவில்லை. வயது ஒன்றே தடையாயிற்று.

ஐந்தாம் நாட் காலையில் விடுதியைச் சுற்றிவந்த இளம் வைத்தியர் ஒருவர், எம்மைப் பாராமல் மாமியின் கட்டிலருகே குனிந்து, “ஆச்சி, உங்கடை விருப்பம் என்ன?” என்று கேட்டார். “என்ரை வேலையை நான் எழும்பிச் செய்யவேணும். அதுக்கு வழியெண்டால் வெட்டுங்கோ,” என்றார் மாமி. அந்நான்கு நாளும் எம்மில் ஒருவரும் அவரிடம் அக்கேள்வியைக் கேட்டிலோம். அன்று பிற்பகலே சத்திரசிகிச்சை நிகழ்ந்தது.

குடும்பங்களிலே இவ்விரக்கப் பேச்சு வாழ்வின் இரு முனைகளிலும் எழுகின்றது. “பச்சைக்குழந்தைக்குக் கத்தி வைப்பதா?” என்று ஒரு வீட்டிற் கேட்பர், “பழுத்த கிழவிக்குக் கத்தி வைப்பதா?” என்று மறு வீட்டிற் கேட்பர். இரண்டும் அன்பினாற் பிறக்கும் கேள்விகளே. ஆயினும் வயது என்பது சத்திரசிகிச்சையை எவ்வாறு செய்வது, எதனைக் காத்துச் செய்வது என்பதைத் தீர்மானிப்பதற்கே பெரிதும் பயன்படுவது. செய்யலாமோ ஆகாதோ என்பதை வயதை மாத்திரம் கொண்டு தீர்த்தல் இயலாது. இதனை நாம் காலந்தாழ்த்தியே கற்றோம்.

தொடையெலும்பின் மேல்முனை பந்து போன்றது. அப்பந்தை எலும்பின் தண்டோடு இணைப்பது ஒடுங்கிய கழுத்து. முதுமையில், சிறப்பாகப் பெண்களில், எலும்பு சுண்ணச்சத்தை இழந்து சல்லடையாகிவிடுவதால், சிறு வீழ்ச்சியிலும் அக்கழுத்து முறிந்துவிடும். முறியும்போது பந்துக்குக் குருதி கொண்டுசெல்லும் நுண்குழாய்களும் அறுந்துபோதல் உண்டு. குருதி பெறாத எலும்பு எவ்வாறு பொருந்தும்? எமது முறிவு நெரிவுப் பரியாரிமாரின் கைத்திறனை நாம் குறைத்துரைக்க வரவில்லை. முன்கை எலும்பு முறிந்த சிறுவர் பலர் அவர்களிடம் மட்டைவைத்துக் கட்டிச் சுகமடைந்ததை நேரிற் கண்டுள்ளோம். ஆனால் கழுத்து முறிந்து பந்து விலகிய முதியவருக்கு எண்ணெய்க் கட்டு உதவாது. உலோக ஆணிகளாற் பிணித்தலோ, பந்தையே அகற்றி உலோகப் பந்தொன்றைப் பொருத்துதலோதான் வழி. அமெரிக்கரான ஒஸ்ரின் மூர் வகுத்த உலோக மூட்டு அவர் பெயராலேயே வழங்கப்படுகின்றது.

சத்திரசிகிச்சை என்றாலே மேல்நாட்டார் கொண்டுவந்த அந்நியப் பொருள் எனக் கருதுவாரும் உளர். யாழ்ப்பாணத்துக்கு 1847ஆம் ஆண்டில் வந்து மானிப்பாயில் வைத்தியம் புரிந்த சாமுவேல் கிறீன், 1867ஆம் ஆண்டிலேயே ‘இரணவைத்தியம்’ என்னும் சத்திரசிகிச்சை நூலைத் தமிழில் வெளியிட்டார் என்பதை அவர்கள் அறிந்துகொள்ளல் நன்று. தமிழிலே கத்தியைப் பற்றிப் படிக்கத் தொடங்கி ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. அச்சம் மாத்திரம் இன்னும் பழையதாகவே இருக்கின்றது.

மாமியின் கதைக்குத் திரும்புவோம். நான்கு நாட் கிடையினால் யாது நேர்ந்தது? வலியினால் ஆழ்ந்து மூச்சிழுக்க இயலாமையால் நெஞ்சிற் சளி கட்டத் தொடங்கியது. முறிந்த காலின் குதிக்கால் மெத்தையில் அழுந்திக் கறுத்துப் புண்ணாயிற்று. முதியோரின் தோல் மெல்லியது. அதன் கீழுள்ள கொழுப்பும் குறைவு. ஒரே இடம் சில மணிநேரம் அழுந்தினாலும் அங்கே குருதி ஓடாது தசை செத்துவிடும். காலின் நாளங்களிற் குருதி உறைந்து கட்டியாகி நுரையீரலை அடைக்கும் அபாயமும் கிடையினால் வருவதே. இவை எல்லாவற்றிற்கும் மேலாக, படுத்திருக்கும் ஒவ்வொரு நாளும் முதியவரின் தசை வலிமை குன்றுகின்றது. இளையவர் ஒரு வாரத்தில் மீட்பதை அவர் பல வாரங்களிலும் மீட்பதரிது. ஆகவேதான் இங்கிலாந்தில் 2011ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட வழிகாட்டல், இத்தகைய முறிவுக்கு வைத்தியசாலையிற் சேர்ந்த அன்றோ மறுநாளோ சத்திரசிகிச்சை செய்யவேண்டும் என விதித்தது. எமது நான்கு நாள் இரக்கத்தை அந்த விதியோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது நாம் வெட்கினோம்.

கிடையே முதியோரின் பகை என்பதை உலகுக்குக் காட்டியவர் மார்ஜரி வாரன் என்னும் ஆங்கிலப் பெண் வைத்தியர். 1935ஆம் ஆண்டில் இலண்டனுக்கு அண்மையிலுள்ள வைத்தியசாலையொன்றில், தேறார் எனக் கைவிடப்பட்டுப் படுக்கையிற் கிடந்த 700க்கு மேற்பட்ட நோயாளரின் பொறுப்பு அவரிடம் வந்தது. அவர் ஒவ்வொருவரையும் தனித்தனியே சோதித்தார், எழுப்பி இருத்தினார், நடக்கப் பழக்கினார். பலர் வீடு திரும்பினர். முதியோர் வைத்தியம் என்னும் தனித்துறை பிரித்தானியாவில் வேரூன்றியது இவ்வாறே. சத்திரசிகிச்சைக்கு மறுநாளே நோயாளியைக் கதிரையில் இருத்தும் தாதியைக் கண்டு, “இரக்கமில்லாதவள்” என நாம் முணுமுணுக்கின்றோமே, அவளே உண்மையான இரக்கமுடையவள்.

இங்கு ஒன்று சொல்லவேண்டும். எல்லா முதியோரும் எல்லாச் சத்திரசிகிச்சைக்கும் உரியவர் என நாம் வாதிக்கவில்லை. இருதயமும் சிறுநீரகமும் தளர்ந்து இறுதிப் படியில் நிற்பவருக்கு, ஆயுளை நீட்டாது துன்பத்தை மாத்திரம் நீட்டும் சிகிச்சைகளும் உள. 70 வயதிற் படுக்கையோடு கிடப்பாரும் உளர். 85 வயதில் தோட்டங் கொத்துவாரும் உளர். விழுவதற்கு முதல் வாரம் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதே பிறந்த ஆண்டைவிட வைத்தியருக்குப் பயன்படும் செய்தி. “சிகிச்சையின்பின் இவரால் என்ன செய்ய முடியும்? செய்யாவிட்டால் என்ன நேரும்?” என்று வைத்தியரைக் கேட்டறிந்து, பின்னர் நோயாளியையும் கேட்டல் வேண்டும்.

வீட்டார் செய்யவேண்டிய மற்றொன்று மருந்துகளைக் காட்டுதல். மாமி தம் குளிசைகளைப் பால்மா ரின் ஒன்றிற் போட்டு வைத்திருந்தார். குருதியமுக்கத்துக்கு ஒன்று, நீரிழிவுக்கு ஒன்று, குருதி உறையாதிருக்க ஒன்று. அவற்றுடன் முழங்கால் வலிக்கென யாரோ கொடுத்த பெயரறியாத சூரணமும் இருந்தது. குருதி உறையாதிருக்கக் கொடுக்கும் குளிசை சத்திரசிகிச்சையிற் குருதிப்பெருக்கை உண்டாக்கும். அதனைத் தாமாகவே நிறுத்தினால் மாரடைப்போ பக்கவாதமோ வரலாம். எப்போது நிறுத்துவது என்பதை வைத்தியரே கூறவேண்டும். அவர் கூறுவதற்கு, நாம் ரின்னை அப்படியே கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும், சூரணத்தையும் சேர்த்து. மயக்க மருந்தும் முதியோருக்குக் குறைந்த அளவே போதும். 40 வயதுக்குப்பின் ஒவ்வொரு பத்தாண்டிலும் அவ்வளவு சிறிது சிறிதாகக் குறைகின்றது.

சத்திரசிகிச்சை நன்றாகவே முடிந்தது. அன்றிரவுதான் எம்மை நடுங்கவைத்த சம்பவம் நேர்ந்தது. மாமி எம்மை அடையாளங் காணவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் இறந்த தம் தம்பியை, எமது சிறிய தந்தையாரை, பெயர் சொல்லி அழைத்தார். சுவரிற் பூச்சி ஊர்கிறது என்றார். கையிலேற்றிய சேலைன் குழாயைப் பிடுங்கினார். உறவினர் சிலர் மூளை கலங்கிவிட்டது என அழுதனர். ஒருவர் திருநீறு போடுவிக்க ஆளைத் தேடினார். பழைய வைத்திய நூல்கள் சன்னி என்று கூறும் நிலை இது. சத்திரசிகிச்சையின்பின் முதியோருக்கு இது வருதல் மிகச் சாதாரணம் என்பதை எமக்கு ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. வலி, மருந்து, நித்திரையின்மை, நீர்வற்றுதல், சிறுநீர் தங்குதல், இடமாற்றம் ஆகிய யாவும் சேர்ந்து தளர்ந்த மூளையைச் சில நாட்களுக்குக் குழப்பிவிடுகின்றன. இவ்வாறு சத்தமிடுவோரை எவரும் கவனிப்பர். சத்தமின்றிக் கண்ணை மூடிக்கொண்டு, உண்ணாமல், பேசாமல் கிடக்கும் சன்னியும் உண்டு. அதனை “ஆச்சி நல்ல நித்திரை” என்று விட்டுவிடுவர். அதுவே அதிக ஆபத்தானது.

இரவுக் கடமையிலிருந்த தாதி எம்மை அழைத்து, “ஐயா, ஆச்சி கண்ணாடி போடுறவவோ? காது கேட்குமோ?” என்று வினவினார். மாமி கண்ணாடியின்றி முகம் பிரித்தறியமாட்டார். கண்ணாடி ஐந்து நாளாக வீட்டு அலுமாரியில் இருந்தது. காலையில் அதனைக் கொண்டுவந்து போட்டோம். யன்னலைத் திறந்துவைத்தோம். வெளியே வெயிலெறிப்பதைக் காட்டி, இன்று வெள்ளிக்கிழமை, இது வைத்தியசாலை, கால் சரியாகிவிட்டது என்று மெதுவாகச் சொன்னோம். ஒருவர் மாறி ஒருவர் அருகிலிருந்து, அடிக்கடி நீர் பருக்கினோம். மூன்றாம் நாள் மாமி எம்மைப் பார்த்து, “சாப்பிட்டனியோ?” என்று கேட்டார். அந்தக் கேள்வியைப் போல இன்பமான சொல்லை நாம் அண்மையிற் கேட்டதில்லை.

இது வெறும் வீட்டு அனுபவமன்று. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில், 2001ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வொன்றில், இவ்வாறே இடுப்பெலும்பு முறிந்த 126 முதியோரை எடுத்து, அவர்களுட் பாதிப்பேர்க்கு முதியோர் வைத்திய நிபுணரின் நாளாந்த ஆலோசனையை ஏற்பாடு செய்தனர். அதனைப் பெறாதவருள் நூற்றுக்கு 50 பேருக்குச் சன்னி வந்தது. பெற்றவருள் நூற்றுக்கு 32 பேருக்கே வந்தது. அவ்வாலோசனையில் அதிசய மருந்து எதுவும் இல்லை. வலியைச் சரியாகத் தணித்தல், தேவையற்ற மருந்தைக் குறைத்தல், உணவும் நீரும், விரைவில் எழுப்புதல், கண்ணாடியும் காதுக்கருவியும் என்பனவே அதிலடங்கியிருந்தன.

குதிக்காற் புண் ஆறாது மாமி வீட்டிற் சாய்கதிரையில் இருந்த மாசி மாதத்தில், அதே கேள்வி வேலிக்கப்பாலிருந்து வந்தது. அயல்வீட்டு ஆண்குழந்தைக்கு அப்போது நான்கு மாதம். அழும்போதெல்லாம் வலது அரையில் ஒரு வீக்கம் தோன்றி, அழுகை நின்றதும் மறைந்தது. வைத்தியர் குடலிறக்கம் என்றும், தாமதியாது சத்திரசிகிச்சை செய்யவேண்டும் என்றும் கூறினார். குழந்தையின் பேர்த்தியார், “நடக்கத் தொடங்க எல்லாம் தானாய் உள்ளுக்குப் போயிடும்,” என்றார்.

பேர்த்தியாரின் அனுபவம் முழுதும் பொய்யன்று. குழந்தைகளின் தொப்புளிற் புடைக்கும் குடலிறக்கம் பெரும்பாலும் நான்கைந்து வயதுக்குள் தானே அடைபட்டுவிடும். அதனைப் பல பிள்ளைகளிற் கண்ட கண் அரையிலுள்ள வீக்கத்தையும் அவ்வாறே எண்ணியது. அரைக் குடலிறக்கமோ தானாக மாறுவதில்லை. கருவில் விதை வயிற்றிலிருந்து இறங்கிவந்த பாதை மூடாது விடுதலே இதன் காரணம். அவ்வழியில் இறங்கிய குடல் இறுகி அகப்பட்டுக்கொண்டால் குருதியோட்டம் தடைப்பட்டுக் குடல் அழுகிவிடும். இவ்வபாயம் முதலாம் ஆண்டிலேயே அதிகம். வீக்கம் உள்ளே போகாது கல்லுப்போலாகி, குழந்தை வீறிட்டழுது வாந்தியெடுப்பின், அது நடுநிசியாயினும் வைத்தியசாலைக்கு ஓடவேண்டிய வேளை. வளரட்டும் என்று காத்திருப்பது இங்கே குழந்தைக்குப் பாதுகாப்பாகாது.

சிசு என்பது சிறிதாக்கப்பட்ட பெரியவரன்று. 3 கிலோகிராம் நிறையுள்ள சிசுவின் உடலில் ஓடும் குருதி ஏறத்தாழ 250 மில்லிலீற்றர். ஒரு பேணித் தேநீரளவு. வளர்ந்தவர் 50 மில்லிலீற்றர் குருதி இழப்பதை உணரவும் மாட்டார். சிசுவுக்கு அது ஐந்திலொரு பங்கு. நிறையோடு ஒப்பிடுகையிற் சிசுவின் தோற்பரப்பு மிக அதிகம். குளிர்ந்தால் நடுங்கிச் சூடேற்றவும் அதற்குத் தெரியாது. ஆகவே சத்திரகூடத்தைச் சூடாக்கிவைப்பர். மூச்சுக்குழாயோ 4 மில்லிமீற்றர் விட்டமுடையது. உட்சுவர் சுற்றிவர 1 மில்லிமீற்றர் வீங்கினால் விட்டம் பாதியாகும். காற்றுச் செல்லும் பரப்போ நாலிலொன்றாகும். வட்டத்தின் பரப்பைப் பற்றி வகுப்பிற் படிப்பிக்கும்போது இவ்வுதாரணம் எமக்கு ஏன் முன்னரே கிடைக்கவில்லை என்று நினைத்தோம். குழந்தைக்குத் தடிமனோ இருமலோ இருந்தால், திகதி தவறிவிடுமே என்று மறைத்தல் ஆகாது. வைத்தியர் சில வாரம் பின்போடுவர். மாதம் நிறையாது பிறந்த பிள்ளையாயின் அதனையும் கட்டாயம் சொல்லவேண்டும். அத்தகைய சிசுக்கள் மயக்கந் தெளிந்தபின்னரும் மூச்சுவிட மறந்துபோவதுண்டு. இரவு முழுவதும் காவலிருத்தல் வேண்டும்.

தாயின் மனத்தை வருத்துவது பட்டினி. மயக்கத்தில் இரைப்பையிலுள்ளது மேலெழுந்து நுரையீரலுட் புகுந்தால் உயிருக்கே ஆபத்து. ஆயினும் முன்னிரவு தொடக்கம் வெறும் வயிற்றோடு கிடத்துவதும் தவறு. சிசுவின் குருதியிலுள்ள சீனிச்சத்து விரைவிற் குறைந்துவிடும். பொதுவாக வழங்கும் கணக்கு இது: தாய்ப்பால் சத்திரசிகிச்சைக்கு 4 மணிநேரம் முன்வரை, மாப்பாலும் இலேசான உணவும் 6 மணிநேரம் முன்வரை, தெளிந்த நீர் 2 மணிநேரம் முன்வரை. அவ்வவ் வைத்தியசாலை கூறும் நேரமே இறுதியானது. அயல்வீட்டுக் குழந்தைக்குக் காலை 8 மணிக்கு முதலாவதாகச் செய்வதென ஏற்பாடு. தாய் அதிகாலை 4 மணிக்கு எழுந்து பாலூட்டினார். 6 மணிக்குப் பிள்ளை சிணுங்க, பேர்த்தியார் ஒரு கரண்டி பாலுடன் வந்துவிட்டார்! தாய் கரண்டியைத் தட்டிவிட்டதனால் அன்று அவ்வீட்டில் நிகழ்ந்த சொற்போர் எமது வீட்டுக்கும் கேட்டது. அந்த ஒரு கரண்டி வயிற்றுள் போயிருப்பின் சத்திரசிகிச்சை பின்போடப்பட்டிருக்கும். சொல்லாது விட்டிருந்தால் அதனினும் கேடாக முடிந்திருக்கலாம்.

சிசுவுக்கு வலி தெரியாது என்ற எண்ணம் வைத்தியரிடையேயும் நெடுங்காலம் இருந்தது. புதிதாய்ப் பிறந்தவர்க்கு அசையாதிருக்க மருந்து கொடுத்து, வலி தணிக்கும் மருந்தைப் போதிய அளவிற் கொடாமற் கத்தி வைத்த காலமும் இருந்தது என்றால் நம்புதற்கரிது. ஒக்ஸ்போட்டிற் பணியாற்றிய, இந்தியாவிற் பிறந்தவரான கன்வல்ஜீத் ஆனந்தும் அவர்தம் துணைவரும் 1987ஆம் ஆண்டில், குறைமாதச் சிசுக்களுக்கு வலி தணிக்கும் மருந்தைக் கொடுத்தும் கொடாதும் ஒப்பிட்டு, கொடாத சிசுக்களின் உடல் பெருங்கலக்கம் அடைவதையும், பின்விளைவுகள் அதிகமாதலையும் நிறுவினர். அவ்வாண்டிலேயே அமெரிக்கக் குழந்தை வைத்தியர் கழகமும் சிசுக்களுக்கு மயக்கமும் வலிதணிப்பும் வேண்டும் என அறிவித்தது. எமது காலத்துக்கு இவ்வளவு அண்மையிலேதான் அந்த அழுகை கேட்கப்பட்டது.

தாயைப் பிரித்துவைத்தலும் இத்தகையதே. கிளாஸ்கோவில் ஜேம்ஸ் நிக்கல் என்னும் சத்திர வைத்தியர், வைத்தியசாலையில் தங்கவையாது அன்றே வீட்டுக்கனுப்பிய குழந்தைகளின் 8,988 சத்திரசிகிச்சைகளை 1909ஆம் ஆண்டில் அறிக்கையிட்டு, சிசுவுக்குத் தாயே சிறந்த தாதி என்றார். ஆயினும் நெடுங்காலம் பெற்றோரை விடுதிக்கு வெளியே நிறுத்தியே வந்தனர். 1952ஆம் ஆண்டில் ஜேம்ஸ் றொபேட்சன் என்பவர், தொப்புட் குடலிறக்கத்துக்காக எட்டு நாள் தனியே வைத்தியசாலையில் இருந்த இரண்டு வயதுச் சிறுமியைப் படம்பிடித்துக் காட்டினார். அவள் அதிகம் அழவில்லை, அடங்கிப்போயிருந்தாள். அந்த அடக்கமே பார்த்தோரை உலுப்பியது. 1959ஆம் ஆண்டின் பிளாட் அறிக்கை தாய்மாரை உடனிருக்க விடவேண்டும் என விதந்துரைத்தது. இன்று எமது சிறுவர் விடுதிகளிலும் தாய் அருகிலிருப்பது வழமையாகிவிட்டது.

விளங்கும் வயதுப் பிள்ளையாயின் பொய் சொல்லிக் கூட்டிச் செல்லற்க. “கடற்கரைக்குப் போகிறோம்” என்று புறப்பட்டு ஊசிமுனையிற் கொண்டுபோய் நிறுத்தப்பட்ட மாணவன் ஒருவனை அறிவோம்; பல்லுக்கொதிக்கும் வைத்தியரிடம் போக மறுத்தவனாகவே அவன் வளர்ந்தான். நித்திரையாக்குவார்கள், எழும்பும்போது சிறிது நோகும், நான் பக்கத்தில் இருப்பேன் என்று சொன்னாற் போதும். கடைசி வாக்கைச் சொன்னால் அதனைக் காப்பாற்றவும் வேண்டும்.

அயல்வீட்டுக் குழந்தை அன்று முற்பகலிலே பால் குடித்து, ஓரிரவு அவதானிப்பில் இருந்து, மறுநாள் வீடு வந்தது. மாமியின் புண் சித்திரையிலேதான் ஆறியது. எலும்பைவிட அதற்கே அதிக காலம் சென்றது. இப்போது நாற்காற் தாங்கியைப் பிடித்துக்கொண்டு கிணற்றடிவரை போவார். அங்கே சீமெந்தைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, பிடித்து நிற்க ஒரு குழாயும் நாட்டியுள்ளோம். கண்ணாடியை ஒரு கறுப்பு நூலிற் கோத்துக் கழுத்தில் மாட்டியிருக்கின்றார். இரவில் மாத்திரம் அதனைக் கழற்றித் தலையணைக்கு அருகே, பால்மா ரின்னின் மேல் வைப்பார்.